வேலாத்தாளுக்குத் திரும்பி வந்த தூரம்

மாதாமாதம் வரும் தூரம் நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகுதான் வேலாத்தாளுக்கு உடம்பு காந்தத் தொடங்கியது. 1993 கோடை. அவளுக்கு நாற்பத்தேழு வயது. திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் உருப்படிகளை மேசையில் விரித்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்க வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சிலிருந்து முகத்துக்கு அனல் ஏறும். வியர்வை வெள்ளைத் துணியில் சொட்டும். கறை பார்க்க வேண்டியவளே கறை வைக்கிறாள் என்று சூப்பர்வைசர் முணுமுணுத்தார்.

கேட்டவர்கள் எல்லாரும் சூட்டு உடம்பு என்றார்கள். இளநீர் குடித்தாள், வெந்தயம் விழுங்கினாள், எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. தூக்கமே போயிற்று. அவள் கணவர் மாரப்பன் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர். பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே கண்ணயர்ந்துவிடுவார்.

பக்கத்து மேசையில் வேலை செய்யும் ராமுத்தாய் விருதுநகர்ப் பக்கத்துக்காரி. "இது சூடு இல்லக்கா. எங்க சித்திக்கும் இப்படித்தான் இருந்துச்சு. இதுக்கு மருந்து இருக்கு, வாங்க" என்று டாக்டர் ஜானகியம்மாளிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், மார்பைச் சோதித்தார், குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்று விசாரித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

"தூரம் நிக்கறப்ப உடம்புல ஹார்மோன் குறைஞ்சு போகுதுங்க. அதைத்தான் மாத்திரையாக் குடுக்கறேன். கர்ப்பப்பைக்குக் கெடுதல் வராம இருக்க, மாசக் கடைசியில இன்னொரு மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடோணும். அதை முடிச்சதும் தூரம் வரும், பயந்துக்காதீங்க."

தூரம் வரும் என்றதற்குப் பிறகு டாக்டர் சொன்ன எதுவும் வேலாத்தாள் காதில் ஏறவில்லை.

அவளுக்குக் குழந்தை இல்லை. சொந்த ஊரான குன்னத்தூரில் சொந்தபந்தங்கள் கேட்ட கேள்விகளுக்குத் தப்பித்துத்தான் இருவரும் திருப்பூருக்கு வந்தார்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு முறை தூரம் வந்தபோதும் அழுதவள் அவள். ஒரேயடியாக நின்றபோது அழவில்லை. தூரத்துக்கென்று வைத்திருந்த பழைய துணிகளை யாரிடமும் சொல்லாமல் எடுத்து எரித்தாள், அவ்வளவுதான்.

மாத்திரை வேலை செய்தது. அனல் அடங்கியது, தூக்கம் வந்தது. மாதக் கடைசியில் தூரமும் வந்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலாத்தாள் சிரித்தாள். எந்த ரத்தத்தைக் கண்டு அழுதாளோ, அதைக் கண்டே சிரித்தாள்.

அந்தச் சமயம் கம்பெனியில் கைக்குழந்தைச் சட்டை ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் மளமளவென்று தள்ளியதை அவள் ஒவ்வொன்றாகக் கை நுழைத்து விரித்துப் பார்த்தாள். வீட்டில் தண்ணீர்க் குடம் தூக்குவதை விட்டாள். மாரப்பன் காரணம் கேட்காமல் தானே தூக்கி வந்தார்.

ஆனால் மாத்திரையோடு மண்டையிடியும் வந்தது. மார்பு கல்லாய்க் கனத்தது. தலையைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். டாக்டர் கேட்டபோதெல்லாம், "ஒண்ணுமில்லீங்க, நல்லா இருக்கறனுங்க" என்றாள். சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார் என்று பயம்.

ஒரு மாதம் தூரம் வரவில்லை. நாள் தள்ளிக்கொண்டே போனது. சோறு போடும்போது மாரப்பனிடம் மெதுவாகச் சொன்னாள்.

"ஏனுங்க... எனக்கு நாள் தள்ளியிருக்குதுங்க."

மாரப்பன் பிசைந்த கையை எடுக்கவில்லை. "இந்த வயசுலயா புள்ள?"

"தூரம்தான் திரும்பி வந்துச்சுங்களே."

அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்தார். பிறகு, "நாளைக்கு லீவு சொல்லிப்போடறேன். ரெண்டு பேரும் போவோம்" என்றார். அவர் குரல் கல்யாணமான புதிதில் இருந்த மாதிரி நடுங்கியது.

டாக்டர் சிறுநீர் சோதித்தார். இருவரையும் உட்காரவைத்தார்.

"இல்லீங்க வேலாத்தா. கருமுட்டை நின்னு போச்சுங்க. இது மாத்திரை கொண்டாந்த தூரம். சிலருக்கு ஒரு மாசம் இப்படித் தவறும். அன்னைக்கு நான் இன்னும் வெவரமாச் சொல்லியிருக்கோணும்."

வேலாத்தாள் முந்தானையைப் பார்த்தபடி இருந்தாள். மாரப்பன்தான் பேசினார்.

"அது போகட்டுமுங்க. இவளுக்கு மண்டையிடி தாங்க முடியறதில்லீங்க. உங்ககிட்ட மறைச்சுட்டா. அதுக்கு என்ன பண்றதுங்க?"

"சொல்லவே இல்லையே!" என்றார் டாக்டர். "பாதி அளவுக்குக் கொறைச்சுப் பாக்கலாம். ரெண்டு மாத்திரையையும் தினமும் சேர்த்துச் சாப்பிடற முறையும் இருக்குது. அதுல போகப்போகத் தூரமே வராது. உங்க வயசுக்கு அது தோதா இருக்கும்."

வேலாத்தாள் தலைநிமிர்ந்தாள்.

"கொறைச்சே குடுங்க. ஆனா தூரம் இன்னும் சித்தெ நாளைக்கு வந்துட்டு இருக்கட்டுமுங்களா?"

மாரப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இருக்கட்டுமுங்க" என்றார் டாக்டர். "எப்ப வேண்டாம்னு தோணுதோ அப்ப வாங்க. வலி இருந்தா மட்டும் மறைக்காதீங்க."

பாதி அளவில் தலைவலி விட்டது. அதன் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் தூரம் மாதாமாதம் வந்தது. குழந்தை இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், மாதக் கடைசியில் வயிறு இழுத்துப் பிடிக்கும்போது, வேலையை நிறுத்திவிட்டு மேசை ஓரமாகச் சற்று நிற்பாள். ராமுத்தாய் கண்டும் காணாததுபோல் அவள் பங்குத் துணியையும் சேர்த்துப் பார்ப்பாள்.

ஒருநாள் கம்பெனி விட்டதும் வேலாத்தாள் யாரையும் கூட்டிக்கொள்ளாமல் டாக்டரிடம் போனாள்.

"போதுமுங்க" என்றாள்.

தினமும் இரண்டு மாத்திரை என்று மாறியது. கொஞ்ச காலம் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கசிந்தது, பிறகு நின்றது. அனல் திரும்பவில்லை. சூப்பர்வைசரும் முணுமுணுப்பதை விட்டிருந்தார்.

மாரப்பன் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

"இப்ப எப்படி இருக்குது புள்ள?"

"ஒடம்பு சொகமா இருக்குதுங்க."

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.