ஊருக்கு அனுப்பக்கூடிய படம்

போன கிழமை டென்மார்க்கில் ஹெல்சிங்கோர் என்ற பழைய கடற்கரைப் பட்டினத்துக்குக் குடும்பமாகப் போய்வந்தோம். அந்தப் படங்களை இன்று லண்டன் டூட்டிங்கில் கழுவி எடுத்துவந்தேன்.

கோட்டைப் பீரங்கியில் மகன் குதிரைபோல ஏறியிருக்கும் படம்தான் அத்தனையிலும் அழகு. சண்டை நடக்கும் யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்ப எடுத்துவைத்தேன்.

மனைவி அதைப் பார்த்ததும் முகம் மாறினாள்.

"இதை அனுப்பாதையுங்கோ. வழியில ஆமி கடிதத்தை உடைச்சுப் பார்த்தால் மாமிக்கெல்லோ கரைச்சல்."

"பழங்காலத்துப் பீரங்கியப்பா. சுடவே சுடாது."

"அது உங்களுக்குத் தெரியும். சென்ட்ரியில காவல் நிக்கிற ஆமிக்காரனுக்குத் தெரியுமோ?"

பீரங்கிப் படத்தை மேசையில் கவிழ்த்துவைத்தேன்.

கோட்டை வாசல் படமும் வேண்டாம் என்றாள். கப்பல் நிற்கும் துறைமுகமும் வேண்டாம். மகள் தொலைநோக்கியில் கடலைப் பார்க்கும் படத்தை நானே ஒதுக்கிவைத்தேன்.

கடைசியில், ஒரு வெள்ளைச் சுவரோரம் மனைவியும் பிள்ளைகளும் ஐஸ்கிரீம் குடிக்கும் படம் மட்டும் உறைக்குள் போனது. அது இங்கே லண்டனில், வால்தம்ஸ்டோவில் எடுத்த படம் என்றாலும் யாரும் நம்புவார்கள்.

"டென்மார்க்கில கடல் இல்லையோ மகன்?" என்று அம்மா கட்டாயம் கேட்டு எழுதுவா.

உங்கள் அம்மாமாருக்கும் சுவர்கள்தான் போகின்றனவா?