அண்ணன் அழுத காட்சி

சினிமாவில் நான் பல தடவை செத்திருக்கிறேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்திருக்கிறேன், லாரியில் அடிபட்டிருக்கிறேன், மருமகள் கலந்து கொடுத்த விஷத்தைக் குடித்திருக்கிறேன். ஒரு வசனம்கூட இல்லாமல், முதல் காட்சியிலேயே மாலை போட்ட படமாகச் சுவரில் தொங்கியதும் உண்டு. கதாநாயகனுக்குக் கோபம் வர வேண்டுமென்றால் அம்மா சாக வேண்டும். அம்மா சாக வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுவார்கள்.

பிணமாக நடித்து முடித்ததும் ஒரு சடங்கு உண்டு. கேமராவை ஓடவிட்டு, அதைப் பார்த்துச் சிரிக்கச் சொல்வார்கள். சாவுக் கோலத்தோடு வேலையை முடிக்கக் கூடாதாம். அப்புறம் பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் ஊரோடு ஒத்துப்போய்ப் பல் தெரியச் சிரித்துவிட்டுத்தான் எழுந்து வருவேன். வெண்ணந்தூரில் அன்றைக்கு மட்டும் சிரிக்கவில்லை.

சினிமாவுக்கு முன்னால் எனக்கு மேடைதான். சேலத்துக்குக் கல்லூரியில் படிக்க வந்தவள், அம்மாபேட்டையில் இருந்த ஒரு நாடகக் குழுவோடு ஒட்டிக்கொண்டேன். தறி வேலை முடித்து வருகிறவர்கள், வாத்தியார்கள், வங்கியில் வேலை பார்க்கிறவர்கள் என்று கலவையான கூட்டம். கோயில் திருவிழா, சங்க ஆண்டு விழா, லாரிக்காரர்கள் வைக்கும் ஆயுத பூஜை விழா, யார் கூப்பிட்டாலும் போவோம். மைக் பாதியில் காலை வாரிவிடும். கடைசி வரிசைக்காரனுக்கும் கேட்கிற மாதிரி அழ வேண்டும், அழுகிறபோதும் வார்த்தை உடையக் கூடாது. கிளிசரின் இல்லாமல் கண்ணீர் விட அங்கேதான் பழகினேன்.

சினிமாவில் அதைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். ஒரு படத்தில், ஊரைவிட்டு ஓடிப்போன மகனின் சட்டைகளை மடித்து வைப்பேன், அவ்வளவுதான் காட்சி. அதற்குச் சென்னையில் மேடையேற்றிக் கேடயம் கொடுத்தார்கள். பேப்பரில் படம் வந்தது. பெட்டிக்கடைக்காரர் என்னிடம் வெற்றிலைக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார். எங்கெங்கிருந்தோ போன் வந்தது. அண்ணனிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

அண்ணன் என்னோடு பேசுவதை விட்டு அப்போதே பல வருஷம் ஆகியிருந்தது. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. விசைத்தறி ஓடுகிற வீடு. அண்ணன் என்னைவிட ரொம்பவும் மூத்தவர், இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவர், எனக்குத் தலைவாரிப் பூ வைத்துவிட்டவர். என்னைச் 'சாமி' என்பதைத் தவிர வேறு பெயரில் கூப்பிட்டதே இல்லை. நான் மேடையேறுகிறேன் என்று தெரிந்தபோது அடிக்கவில்லை, திட்டவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். குழுவில் இருந்த ஒருவரையே நான் கல்யாணம் செய்துகொண்டதும், தங்கை என்று ஒருத்தி இருந்ததையே தலைமுழுகிவிட்டார்.

மகளுக்குக் காதுகுத்து வைத்தபோது தாய்மாமன் மடி வேண்டுமே என்று ஆள் மேல் ஆள் விட்டேன். வரவில்லை. என் வீட்டுக்காரரின் சிநேகிதர் ஒருவரின் மடியில் உட்காரவைத்துக் குத்தினோம். அம்மா இறந்தபோது நானாகவே போனேன். வாசலுக்கு வெளியில் நின்று அழுதேன். அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு யாரோ இரண்டு வார்த்தை பேசப்போக, அண்ணன் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னார்.

"அவளுக்கு அழுகறதுக்கு என்னங்க, அதுதான தொழிலு."

பெற்ற தாய்க்காக அழுததையே சந்தேகப்பட்டால் வேறு எதைக் கொண்டுபோய்க் காட்டுவது? அந்த இடத்திலேயே மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசைதான். அண்ணன் ஒரு தடவை என்னைச் சாமி என்று கூப்பிட்டு, அந்த வீட்டுக்குள் உட்காரவைத்து ஒரு வாய் தண்ணீர் கொடுக்க வேண்டும். கேடயத்தைவிட எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. ரோஷம் கெட்டவள் என்று மகள் திட்டுவாள். திட்டட்டும்.

வெண்ணந்தூரில் எடுத்த படத்திலும் நான் அம்மாதான். படமே என் சாவில்தான் தொடங்குகிறது, மற்றதெல்லாம் மகன் நினைத்துப் பார்க்கிற பழைய கதை. இயக்குநர் சின்ன வயது. எல்லாம் நிஜம்போல இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறவர். எங்கள் பக்கம் ஒருவர் போய்விட்டால் முதல் வேலை போஸ்டர். குளிப்பாட்டுவதற்கு முன்பே 'கண்ணீர் அஞ்சலி' அச்சாகி, பஸ் ஸ்டாண்டிலும் டீக்கடையிலும் கரண்ட் கம்பத்திலும் ஏறிவிடும். படத்திலும் அது வேண்டும் என்றார் இயக்குநர். என் முகத்தைப் பெரிதாகப் போட்டு, கதையில் வருகிற பெயர், படப்பிடிப்பு நடக்கிற தெரு, எடுக்கிற நேரம் எல்லாம் அச்சடித்து ஊர் முழுக்க ஒட்டி முதல் நாளே படம்பிடித்தார்கள்.

வேலை முடிந்ததும் கிழித்துவிடுங்கள், என்னைத் தெரிந்த சனம் நடமாடுகிற ஊர் இது என்று தயாரிப்பு நிர்வாகியிடம் சொன்னேன். மறுநாள் எடுக்கிற காட்சியிலும் சுவர் தெரியும், அதனால் இருக்கட்டும் என்றார். பெயர்தான் வேறாயிற்றே என்று நானும் அதோடு விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் அந்தத் தெருவைப் பார்த்தவர்கள் யாரும் படப்பிடிப்பு என்று சொல்ல மாட்டார்கள். தெருவை அடைத்துச் சாமியானா. பிளாஸ்டிக் நாற்காலிகள். ஓரமாக மேளக்காரர்கள். அழுவதற்கு உள்ளூர்ப் பெண்களையே வைத்திருந்தார்கள். கேமரா கண்ணில் படாது. ஒன்று எதிர்வீட்டு மொட்டை மாடியில், இன்னொன்று ஜன்னலுக்கு உள்ளே. வாசலில் ஐஸ் பெட்டி. கரண்ட் கொடுக்காத அந்தப் பெட்டிக்குள், மூக்கில் பஞ்சும் நெற்றியில் காசுமாக நான். மூச்சு விடுவதற்காகத் தலைமாட்டில் கண்ணாடி மூடியைக் கொஞ்சம் தூக்கி வைத்திருந்தார்கள்.

அன்றைக்கு எடுக்க வேண்டியது கோடி போடுகிற காட்சி. எங்கள் பக்கம் ஒரு பெண் இறந்தால், பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ புதுச்சேலை கொண்டுவந்து போட வேண்டும். அது வந்தால்தான் பிணத்தை எடுப்பார்கள். படத்தில் அண்ணனாக வருகிறவர் நாமக்கல்லைச் சேர்ந்த மேடை நடிகர், அவர் வருகிற கார் எங்கோ நின்றுவிட்டது. வருகிற வரைக்கும் அழுகிற கூட்டத்தை எடுப்போம் என்று கேமராவை ஓடவிட்டிருந்தார்கள். கையில் சேலையோடு ஒருவர் வருவார், வந்ததும் நிறுத்தாமல் உள்ளே அனுப்பு என்று தெருமுனையில் நின்ற உதவி இயக்குநர் பெண்ணிடம் சொல்லி வைத்திருந்தார்கள். சென்னைப் பெண், யாரையும் தெரியாது. கையில் சேலையோடு ஒருவர் வந்தார். சீக்கிரம் போங்க, எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்திருக்காங்க என்று அனுப்பி வைத்துவிட்டாள்.

கண்ணை மூடிக் கிடந்த எனக்குக் கண்ணாடியில் உள்ளங்கை வந்து மோதுகிற சத்தம்தான் முதலில் கேட்டது.

"சாமி. எந்திரி சாமி."

குரல் கரகரத்து, கிழடு தட்டியிருந்தது. ஆனாலும் அந்த வார்த்தையை அப்படிச் சொல்ல இந்த உலகத்தில் இன்னொருவர் இல்லை. கேமரா ஓடுகிறபோது பிணம் அசையக் கூடாது என்பது தொழில். அந்தத் தொழில் என்னை ஒரு நொடிதான் பிடித்து வைத்திருந்தது. அதற்குமேல் நான் அசையாமல் கிடந்தது, இன்னும் என்ன சொல்லப் போகிறார் என்று கேட்பதற்காக.

"எத்தன ஆளு உட்ட. வந்திருக்கோணுமில்ல சாமி நானு. வராத போயிட்டனே. உன்ற படமெல்லாம் பாத்தேன் சாமி, ஒருத்தருக்கும் தெரியாமப் பாத்தேன். நீ சாவற எடம் வந்தா டீவிய அமத்திப்போடுவேன்."

கண்ணோரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போனது. அவர் அதைப் பார்க்கவில்லை. கண்ணாடிமேல் நெற்றியை வைத்திருந்தார் போலிருக்கிறது, அடுத்த வார்த்தை என் முகத்துக்கு நேராக வந்தது.

"எந்திரி சாமி. நம்மூட்டுக்குப் போலாம்."

கண்ணைத் திறந்தேன்.

அண்ணன் அப்படியே பின்னால் உட்கார்ந்துவிட்டார். அவரோடு வந்திருந்த அண்ணி அலறினாள். நான் மூடியைத் தள்ளிவிட்டு, நெற்றிக் காசு உருண்டோட எழுந்து உட்கார்ந்தேன். "அண்ணா, நானுங்க. எனக்கொண்ணும் ஆவலீங்க. இது சினிமாவுங்க" என்று என்னென்னவோ சொன்னேன். மாடியிலிருந்து மைக்கில் 'கட்' என்று சத்தம் கேட்டது. கூடவே கைதட்டல். மாடியில் இருந்தவர்கள் தட்டியதைப் பார்த்து அழுதுகொண்டிருந்த பெண்களும் தட்டினார்கள். நாமக்கல் நடிகருக்குப் பதிலாக யாரோ அனுப்பிய ஆள் என்று நினைத்த இயக்குநர் படியில் விழுந்தடித்துக்கொண்டு இறங்கி வந்து அண்ணனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"என்ன சார் இப்படி அழுதுட்டீங்க? எந்த ட்ரூப் சார் நீங்க?"

அண்ணன் அவரைப் பார்த்தார். மாடியில் இருந்த கேமராவைப் பார்த்தார். கடைசியாகப் பெட்டிக்குள் மூக்கில் பஞ்சோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்குகிற சக்தி எனக்கு இல்லை. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஆயுசுக்கும் நீ நடிச்ச. இன்னைக்கு என்னையும் நடிக்க வெச்சுட்ட."

எனக்குத் தெரியாது அண்ணா என்று காலைப் பிடிக்கப் போனேன். பெட்டியிலிருந்து இறங்குவதற்குள் அவர் நடந்துவிட்டார். அந்தப் படத்தை அழிக்கச் சொல்லு என்று திரும்பாமலே சொன்னார். சாவுக்கு என்று எடுத்த கோடியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அதனால் சேலை அங்கேயே ஒரு நாற்காலியில் கிடந்தது. கோடிக்கு யாரும் நல்ல சேலை எடுக்க மாட்டார்கள், எரிகிற துணிதானே. அண்ணன் அரக்குப் பட்டு எடுத்திருந்தார்.

அண்ணிதான் காரில் ஏறுகிற அவசரத்தில் நடந்ததைச் சொன்னாள். யாரோ போஸ்டரைப் போனில் படம்பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். பெயர் வேறாக இருக்கிறதே என்று அண்ணி கேட்டிருக்கிறாள். சினிமாக்காரர்கள் பெயரை மாற்றிக்கொள்வார்கள், முகம் அவள்தான் என்று அண்ணன் சொல்லிவிட்டாராம். என் நம்பர் அவர்களிடம் இல்லை. பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிளம்பி வந்திருக்கிறார்.

இயக்குநருக்கு விஷயம் புரிந்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார். நல்ல பையன்தான், மன்னிப்பும் கேட்டார். ஆனால் அழிக்க மனசு வரவில்லை. இப்படி ஒன்றை யாரும் எடுத்ததில்லை, உங்கள் அண்ணனிடம் நானே வந்து பேசுகிறேன், மேடையில் வளர்ந்த உங்களுக்கு இதன் மதிப்பைச் சொல்ல வேண்டுமா, உங்கள் பெயர் இந்த ஒரு காட்சியால் நிற்கும் என்றெல்லாம் சொன்னார். அவர் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் கொடுமை. இத்தனை வருஷம் அழுது நான் சம்பாதித்த பெயரெல்லாம் அதற்கு முன்னால் தூசு என்று எனக்கும் தெரிந்தது.

ஒரு தடவை போட்டுக் காட்டச் சொன்னேன். சின்ன மானிட்டரில் அண்ணன் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என் தலை இருக்கிற இடத்தில் கண்ணாடிமேல் கையை வைத்து, முடியை ஒதுக்கிவிடுகிற மாதிரித் திரும்பத் திரும்பத் தடவினார். உள்ளே கிடந்த எனக்கு இது தெரியாமல் போய்விட்டது. மறுபடியும் போடச் சொல்லிப் பார்த்தேன். அப்புறம் அழிக்கச் சொன்னேன். இயக்குநர் தயங்கினார். பழைய கதைக் காட்சிகள் எல்லாம் இன்னும் பாக்கி, அழிக்காவிட்டால் அம்மா இல்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். என் கண்ணெதிரில் அழித்தார்கள். அன்றைக்கு யாரும் என்னைச் சிரிக்கச் சொல்லவில்லை, பூசணிக்காய் உடைக்கவும் இல்லை.

மத்தியானம் நாமக்கல் நடிகர் வந்துசேர்ந்தார். கிளிசரின் போட்டுக்கொண்டு அழுதார். நன்றாகத்தான் அழுதார்.

அழித்துவிட்டேன் என்று அண்ணிக்குச் சொல்லியனுப்பினேன், பதில் இல்லை. சில நாள் பொறுத்து, நம்மூட்டுக்குப் போலாம் என்று கூப்பிட்டாரே, அந்த நம்பிக்கையில் மல்லசமுத்திரத்துக்குப் பஸ் ஏறினேன். வாசல் கேட் சாத்தியிருந்தது. பக்கத்துக் கொட்டகையில் தறி ஓடுகிற சத்தம் கேட்டது. என்னைப் பார்த்ததும் அண்ணி உள்ளே போனாள், திரும்பி வந்தாள், கேட்டைத் திறக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணன் என்னைக் கூப்பிட்டார், நீங்களும் கேட்டீர்கள்தானே என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அது செத்துப்போன தங்கச்சிகிட்டச் சொன்னதாமா."

நான் அங்கேயே நின்றேன். கொட்டகையில் தறி நிற்கவே இல்லை. செத்துப்போன தங்கச்சிக்குத்தான் என்றால், அண்ணன் இன்னும் ஒரு தடவை வருவார், சாமி என்பார், எந்திரி, நம்மூட்டுக்குப் போலாம் என்பார். அன்றைக்கு எனக்குக் கேட்காது.