இரண்டு இடது கண்கள்

என் தவறு என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதனால் ஒரு மனிதரைப் பொய் பில் கொடுத்தவர் என்று வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

அறுபதுகளின் நடுவில் பம்பாய்ச் செம்பூரில் ஒரு தொழிற்சாலையின் மருத்துவ பில் பிரிவில் சேர்ந்தேன். பட்டதாரி, மாட்டுங்கா வாசி. யாரிடமும் சந்தேகம் கேட்கக் கூச்சம். ஒவ்வொரு அறுவைசிகிச்சைக்கும் ஓர் எண் உண்டு. கண்புரைக்கு ஒரே எண்தான். எந்தக் கண் என்று காட்ட, வலதுக்கு ஆர், இடதுக்கு எல் என்று எண்ணின் பின்னால் எழுத்துப் போடவேண்டும். பில்லோடு வரும் தாளில் ஒரு முகம் அச்சடித்திருக்கும். டாக்டர் அதில் அறுத்த கண்ணைச் சுற்றி வட்டம் போட்டிருப்பார். அந்த முகம் நம்மைப் பார்த்திருக்கும். தாளின் இடப்பக்கம் இருப்பது நோயாளியின் வலது கண். ஒருவருடைய வலது கண் பில்லில் நான் எல் போட்டேன்.

அவர் தாராவியிலிருந்து வரும் ஃபிட்டர், திருநெல்வேலிக்காரர். சில மாதம் கழித்து அவருடைய இடது கண் பில் வந்தபோது நான் விடுப்பில் இருந்தேன். தலைமை எழுத்தர் சரியாகவே எல் போட்டார். ஒரே கண்ணுக்கு இரண்டு பில் என்றாகிவிட்டது.

விசாரணையில் ஃபிட்டர் தடித்த கண்ணாடியைக் கழற்றினார். "சார்வாள், ஒரே கண்ண எத்தன தடவ அறுப்பாவ? ரெண்டையும் பாருங்க."

"நான் என்ன டாக்டரா ஓய்? பில் ரெண்டும் இடதுன்னு சொல்றதே" என்றார் தலைமை எழுத்தர்.

நான் முதல் பில்லோடு வந்த முகத் தாளை எடுத்துப் பார்த்தேன். திருப்பினேன். கையை என் முகத்தில் வைத்துப் பார்த்தேன். புரிந்தது. மறுகணம் புரியவில்லை. என் வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. அந்தக் குழப்பத்தில் எவ்வளவு நிஜம், எவ்வளவு நானே வரவழைத்துக்கொண்டது என்று இன்றும் எனக்குத் தெரியாது.

நிரந்தர உத்தரவு கைக்கு வந்தபிறகுதான் மேலாளருக்கு எழுதிக்கொடுத்தேன். எனக்கு ஒரு கண்டிப்புக் கடிதம். ஃபிட்டரைத் திரும்ப எடுத்தார்கள், ஆனால் பழைய இடத்தில் வேறு ஆள் வந்துவிட்டதாம். கேட்டில் காவலுக்குப் போட்டார்கள்.

மன்னிப்புக் கேட்கத் தாராவிக்குப் போனேன். எதிரே உட்கார்ந்து, கையால் வலது கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்ப மூடுனது எந்தக் கண்ணு, சொல்லும் பாப்போம்."

"இடது" என்றேன்.

அவர் மனைவி அடுப்படியிலிருந்து சிரித்துவிட்டார். அவர் சிரிக்கவில்லை. "சரி, டீயக் குடியும். ஆறிப்போவுது."

மன்னித்தாரா என்று கேட்கத் தெரியாமல் வந்துவிட்டேன். மறுநாள் காலை கேட்டில் என் அடையாள அட்டையைக் கேட்டார். கண்ணாடிக்கு அருகில் பிடித்து, முன்பக்கமும் பின்பக்கமும் பார்த்துத் திருப்பித் தந்தார். வேறு யாரிடமும் கேட்பதில்லை. அவர் ஓய்வுபெறும்வரை, தினமும்.