ஓடெல் பெட்வேயின் எட்டு கஜம்

ஓடெல் பெட்வேக்கு நான் நூற்றெண்பது டாலர் பாக்கி வைத்திருந்தேன். பதினோரு வருஷம் வைத்திருந்தேன். ஸ்டீவ் ஹுடாக் யாருக்கும் ஒரு காசு பாக்கி வைத்ததில்லை என்று இந்த ஊரில் எவனிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். அப்படிச் சொல்லும்போதெல்லாம் இந்த ஒரு கணக்கைத் தாண்டிக் குதித்துத்தான் சொல்லி வந்தேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தள்ளுவண்டியில் பழைய இரும்பு பொறுக்க ஆரம்பித்து, நாற்பது வயதில் ஆற்றங்கரையில் ஆறு ஏக்கர் யார்டு, இரண்டு கிரேன், லாரியை அப்படியே நிறுத்தி எடை போடும் மேடை என்று ஆனேன். அதோடு ஒரு ஃபுட்பால் அணியும் வாங்கினேன். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, மறிக்கிறவர்களைத் தாண்டி எத்தனை கஜம் முன்னேறுகிறோம் என்கிற அமெரிக்க ஆட்டம். மியூல்ஸ் என்று பெயர். எஃகு ஆலைக்காரர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், ஞாயிறு மதியம் வந்து ஆடுவார்கள். ஆட்டத்தை ஆரம்பிக்கிறவனுக்கு முப்பது டாலர், பெஞ்சில் உட்கார்ந்து பிறகு இறங்குகிறவனுக்குப் பதினைந்து. ஆட்டம் முடிந்ததும் ஸ்லோவாக் கிளப்பின் பின்னறையில் நானே ஒவ்வொருவன் பெயரையும் உரக்கக் கூப்பிட்டு, நீட்டிய கையில் நோட்டை எண்ணி வைப்பேன். கவரில் போட்டுக் கொடுக்கிற பழக்கம் என்னிடம் கிடையாது. கொடுக்கிறது நாலு பேருக்குத் தெரிய வேண்டும்.

ஓடெல் அலபாமாவிலிருந்து வந்தவன். எஃகு ஆலையில், நிலக்கரியைச் சுட்டுக் கோக் கரியாக்குகிற அடுப்பின் மேல் நின்று வேலை. ஷூ அடிப்பாகம் உருகாமலிருக்க மரக்கட்டை கட்டிக்கொண்டு நிற்கிற இடம் அது. சனிக்கிழமை இரவு ஷிப்ட் முடித்து, காலை எட்டு மணிக்கு முகம் கழுவி, மதியம் ஆட்டத்துக்கு வந்துவிடுவான். வந்து பெஞ்சின் ஓரத்தில் முகத்தின் மேல் டவலைப் போட்டுக்கொண்டு தூங்குவான். அணியே சிரிக்கும்.

எங்கள் முதல் ஓட்டக்காரன் வால்ட் டோம்பெக். முப்பத்து நாலு வயசு, லாரி டிரைவர், கழுத்தே இல்லாத உடம்பு. பந்தை இடுக்கிக்கொண்டு நேராக எதிரணிக் கூட்டத்துக்குள் போய் முட்டுவான். இரண்டு கஜம், மூன்று கஜம். பார்க்கவே அலுப்பாக இருக்கும். ஆட்டத்தின் நாலு பகுதியில் மூன்று பகுதி இப்படியே போகும். கடைசிப் பகுதி தொடங்கும்போது கோச் லூ போய் ஓடெலின் முழங்காலைத் தட்டுவார். அவன் டவலை மடித்து பெஞ்சின் மேல் வைத்துவிட்டு எழுந்திருப்பான்.

அந்தப் பையன் ஓடியதைப் பார்க்கவேண்டும். கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஓடுவான். வேலிக்கு வெளியே நின்று ஓசியில் பார்க்கிறவன்கூட ஹாட் டாக்கைக் கீழே போட்டுவிட்டுக் கத்துவான்.

எழுபதாம் வருஷம் சீசன் முடிந்ததும் கணக்குப் பார்த்தேன். ஓடெல் அறுபத்து நாலு தடவை பந்தைத் தொட்டிருக்கிறான், ஐந்நூற்றுப் பன்னிரண்டு கஜம் ஓடியிருக்கிறான். தடவைக்கு எட்டு கஜம். ஆட்டத்துக்கு இருபது தடவை கொடுத்தால் நூற்றறுபது. பத்து ஆட்டத்துக்கு ஆயிரத்து அறுநூறு. ஒரு பவுண்டு செம்பு இன்ன விலை என்றால் நூறு பவுண்டுக்கு நூறு மடங்கு, இதற்கு எவனும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கோச் லூவுக்குத்தான் பிடிக்கவில்லை. "ஸ்டீவ், பையனை இருக்கிற இடத்துலயே விடு. அது பாட்டுக்கு ஓடிட்டிருக்கு."

"எட்டு கஜம் ஓடுறவன் பெஞ்சுல தூங்குறான், ரெண்டு கஜம் ஓடுறவனுக்கு முப்பது டாலர் குடுக்குறேன். என்னை என்ன மடையன்னு நெனச்சியா?"

வால்ட்டைக் கூப்பிட்டு, இனி லாரியை மட்டும் ஓட்டு என்று சொன்னேன். அவன் ஹெல்மெட்டை என் மேஜையில் வைத்தான். "இது உன்னோடதுதானே. எடை போட்டு வித்துக்கோ," என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஓடெலிடம் நான் சொன்னபோது அவன் பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டான். "பாஸ், அப்போ மைக்ல என் பேரு வருமா?"

எங்கள் மைதானத்தில் ஆட்டம் தொடங்கும் முன்னால், ஆரம்பிக்கிறவர்களின் பெயரை ஒவ்வொன்றாக ஒலிபெருக்கியில் சொல்வார்கள். மற்றவர்கள் இரண்டு வரிசையாக நிற்க, பெயர் வந்தவன் நடுவில் ஓடி வருவான். பெஞ்சுக்காரனுக்குப் பெயர் கிடையாது. ஓடெலின் அம்மா அலபாமாவில் அடுத்தவர் வீட்டுத் துணி இஸ்திரி போட்டு ஆறு பிள்ளைகளை வளர்த்தவள். பஸ் டிக்கெட்டுக்காகப் பழம் பறிக்கிற வேலைக்கும் போய்ச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள், அது முடிந்து இலையுதிர்காலக் கடைசியில் வருவாள், அப்போது அவள் காதில் அந்தப் பெயர் விழவேண்டும். அவனுடைய ஆசை அவ்வளவுதான்.

முதல் ஆட்டத்தில் பெயர் வந்தது. இருபது ஓட்டம், எழுபத்தோரு கஜம். சரி, பயம் என்று நினைத்தேன். அடுத்தது ஐம்பத்தெட்டு. அதற்கடுத்து ஐம்பது. நாலாவது ஆட்டத்தில் நாற்பத்தொன்று. எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டு பேர் அவனுக்காகவே நின்றார்கள். கடைசிப் பகுதி வரும்போது இடுப்பில் கை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினான். அவன் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

பின்னறையில் எல்லோருக்கும் எண்ணிக் கொடுத்து அனுப்பிவிட்டு அவனை மட்டும் நிறுத்தினேன்.

"அடுத்த வாரம் வேற ஆளைப் போடப் போறேன். நீ பழையபடி பெஞ்சு."

அவன் கையிலிருந்த முப்பது டாலரைப் பார்த்தான். "பாஸ், கடைசி ஆட்டத்துக்கு அம்மா வர்றாங்க. டிக்கெட் எடுத்தாச்சு. பேரு வரும்னு லெட்டர் போட்டுட்டேன்."

"அதுக்கு நான் என்ன பண்ண? நாப்பத்தோரு கஜத்துக்கு முப்பது டாலரா?"

"அப்போ பணம் வேணாம். மிச்சம் ஆறு ஆட்டம் சும்மா ஆடுறேன். பேரை மட்டும் எடுத்துடாதீங்க."

நான் யோசிக்கக்கூட இல்லை. சும்மா வருகிற இரும்பை எவன் வேண்டாம் என்பான்? சரி என்றேன். அந்த ஆறு ஞாயிறும் பின்னறையில் எல்லோர் பெயரையும் கூப்பிட்டேன், அவன் பெயரைக் கூப்பிடவில்லை. அவன் கதவோரம் நின்று, மற்றவர்கள் முடிக்கும் வரை இருந்து, தொப்பியை எடுத்துக்கொண்டு போவான்.

கடைசி ஆட்டத்துக்கு அம்மா வந்தாள். நீலக் கோட்டு, வெள்ளைக் கையுறை, சர்ச்சுக்குப் போகிற தொப்பி. ஒலிபெருக்கியில் "இருபத்திரண்டாம் நம்பர், ஓடெல் பெட்வே" என்றதும் எழுந்து நின்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. அன்றைக்கு அவன் பதினோரு ஓட்டம், பத்தொன்பது கஜம். மூன்றாம் பகுதியிலேயே கூட்டம் அவனை வெளியே போகச் சொல்லிக் கூச்சல் போட்டது. அடுத்த வருஷம் அவன் வரவில்லை. இரண்டு வருஷத்தில் அணியையும் விற்றுவிட்டேன், நல்ல விலைக்கு.

எண்பத்திரண்டில் ஆலையை மூடினார்கள். அதை வெட்டி இரும்பாக எடுக்கிற காண்ட்ராக்ட் யாருக்குக் கிடைத்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. துண்டு துண்டாக லாரியில் என் எடைமேடைக்கு வந்தது. ஒரு நாள் கோக் அடுப்புக் கதவுகளை ஏற்றிக்கொண்டு வந்த லாரியிலிருந்து வால்ட் டோம்பெக் இறங்கினான். முழங்கால் இரண்டும் போய், பக்கவாட்டில் நடந்தான்.

"என்ன ஸ்டீவ், ஊரையே நிறுத்துப் பாத்துட்ட போல."

காபி கொடுத்தேன். பழைய பேச்சு வந்தது. "உன்னை அனுப்பிட்டு அந்தப் பையனைப் போட்டேன், அவன் என் பேரைக் கெடுத்துட்டான்," என்றேன்.

வால்ட் கப்பைக் கீழே வைத்தான். "நான் ரெண்டு கஜத்துக்காகவா முட்டுனேன்னு நெனச்ச? எதிர்ல நிக்கிற தடியனுங்க விலாவுல ஒவ்வொரு தடவையும் தோளை எறக்குவேன். பதினெட்டு தடவை. மூணாவது பகுதி முடியிறப்போ அவனுங்களுக்குக் கையத் தூக்க முடியாது. கண்ணு என்னைத்தான் தேடும். அப்போ தூங்கி எழுந்த பையன் பந்தோட வருவான். யாரு புடிக்கிறது?"

"அவன் கால்ல வேகம் இருந்துச்சே."

"இருந்துச்சு. யாரு இல்லன்னா? ஆனா ராத்திரி முழுக்க அடுப்பு மேல நின்னுட்டு வந்தவன்யா அவன். பெஞ்சுல மூணு பகுதி படுத்ததுதான் அவனுக்குத் தூக்கம். நீ என்னையும் புடுங்குன, அவன் தூக்கத்தையும் புடுங்குன. அப்புறம் எட்டு கஜத்த எங்கடான்னு கேட்ட."

எடைமேடையில் முள் நின்றுகொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் எடை தவறியதில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

ஓடெல் நகராட்சியில் புல் வெட்டும் வேலையில் இருப்பதாக வால்ட் சொன்னான். மறுநாள் மதியம் பழைய மைதானத்துக்குப் போனேன். ஒலிபெருக்கிக் கம்பம் மட்டும் நின்றது. ஓடெல் என்னைப் பார்த்து மெஷினை அணைத்தான். முன்முடி கொட்டி நெற்றி ஏறியிருந்தது.

"என்ன பாஸ், இந்தக் கம்பத்தையும் எடை போட வந்தீங்களா?"

"அம்மா எப்படி இருக்காங்க?"

"போய் நாலு வருஷம் ஆச்சு." புல்லைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "பேரைச் சொன்னத ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாங்க. ஒரே ஒரு தடவை கேட்டாங்க, 'லெட்டர்ல நல்லா ஓடுவேன்னு எழுதுவியே, அன்னைக்கு ஏன்ப்பா ஓடல'ன்னு. பேரைக் கேட்டாங்க, ஓட்டத்தைப் பாக்கல."

இரண்டு பேரும் பெஞ்சு இருந்த இடத்தில் நின்றோம். நாலு கான்கிரீட் கட்டை மட்டும் புல்லுக்குள் கிடந்தது.

"இங்க வெட்டுறப்போ எல்லாம் நெனச்சுக்குவேன் பாஸ். டவலுக்குள்ள இருட்டா இருக்கும். வால்ட் முட்டுற சத்தம் மட்டும் வரும், தொம், தொம்முனு. அதுலயே தூங்கிருவேன். அப்புறம் லூ முழங்கால்ல தட்டுவாரு. எழுந்து பாத்தா வெயில் சாஞ்சிருக்கும், எதிர்ல நிக்கிறவன் எல்லாம் வாய்ல மூச்சு விடுவான். அந்த ஒரு தட்டு, இன்னும் ஒரே ஒரு தடவை யாராவது தட்டுனா போதும். பேரு கூட வேணாம். அம்மா அப்போ வந்திருக்கணும்."

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பையிலிருந்து ஐந்நூறு டாலர் கற்றையை எடுத்து நீட்டினேன்.

அவன் வாங்கவில்லை. "எவ்வளவு?"

"வட்டியோட."

"ஆறு ஆட்டம், முப்பது முப்பது. நூத்தெம்பது. மிச்சத்தை வால்ட் கிட்ட குடுங்க, அந்த கஜம் எல்லாம் பாதி அவரோடது." கையைத் துடைத்துக்கொண்டான். "கற்றையா வேணாம் பாஸ். பின்னறையில எண்ணுவீங்கல்ல, அப்படி."

காலி மைதானத்தைப் பார்த்து, "இருபத்திரண்டாம் நம்பர், ஓடெல் பெட்வே," என்று உரக்கக் கூப்பிட்டேன்.

அவன் இரண்டு அடி முன்னால் வந்து கையை விரித்தான். அடுப்புச் சூட்டில் ரேகை தேய்ந்த உள்ளங்கை. இருபது, நாற்பது, அறுபது என்று ஒவ்வொரு நோட்டாக வாய்விட்டு எண்ணி அதில் வைத்தேன். ஒன்பதாவது நோட்டு, நூற்றெண்பது.