ஒரு பக்கம் மட்டும் திறந்த மடை

என் மேசை இழுப்பறையில் ஒரு சர்க்யூட் போர்டு இருக்கிறது. உள்ளங்கை அகலம், பச்சை நிறம். அதன் பின்பக்கத்தில் ஒரு சின்னத் துளையிலிருந்து கிளம்பி, இரண்டு விரல் தள்ளி வேறோர் இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது ஒரு சிவப்பு ஒயர். இரண்டு முனையிலும் உருக்கி வைத்த சால்டர் ஈயம் ஒழுங்காகக் குவிந்து பளபளக்கிறது. அவ்வளவு சுத்தமாக எனக்கு வைக்க வராது. இன்றைக்கும் அதைக் கையில் எடுத்தால் முதலில் வருவது அந்த எண்ணம்தான். பயம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

ஒயரை வைத்தவள் என் ஓரகத்தி, என் கணவரின் தம்பி மனைவி. மரக்காணத்து உப்பளத்தில் வேலை பார்த்த குடும்பத்துப் பெண். எனக்குப் பதினோரு வயது இளையவள். குயிலாப்பாளையத்தில் பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு சின்ன யூனிட்டில் நான் போர்டு டிசைன் செய்துகொண்டிருந்தேன். கல்யாணமாகி வந்த மறு வருடம் அவளையும் அங்கே சேர்த்துவிட்டவள் நானேதான். தினமும் ஒரே ஸ்கூட்டரில் போவோம். கூனிமேட்டில் நிறுத்தி டீ குடிப்போம். முதல் மாதம் நான் ஓட்டினேன், அவள் பின்னால் உட்கார்ந்தாள். எப்போது இடம் மாறினோம் என்று எனக்கு நினைவில்லை.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். போர்டின் மேல் செம்புக் கோடுகள் ஓடும். ஒவ்வொரு கோடும் ஒரு சிக்னலைச் சுமந்து போகும். ஒரு கோடு இன்னொன்றைத் தொட்டுவிடக் கூடாது. குறுக்கே போக வேண்டி வந்தால், ஒரு துளை போட்டுக் கோட்டைக் கீழ்ப்பக்கத்துக்கு இறக்கி அங்கே ஓட்ட வேண்டும். மென்பொருளில் அந்தத் துளைக்கு வியா என்று பெயர். பதினைந்து வருடம் நானும் வியா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் வந்த முதல் வாரமே திரையைக் காட்டி, “அக்கா, இங்க ஒரு மடையத் தொறந்து கீழ எறக்கிடலாமா?” என்றாள். உப்புப் பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குத் தண்ணீர் விடும் மடை. எல்லோரும் சிரித்தார்கள். மறு வாரம் எல்லோரும் மடை என்றார்கள். முதலாளியும்கூட. வீட்டில் என் மகளும்.

ஒரு சொல்லுக்காகவா பொறாமைப்பட்டாய் என்று கேட்டால், ஆமாம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. நான் நாலு நாள் போராடும் போர்டை அவள் இரண்டு நாளில் முடித்தாள், அதுவும் நான் போடுவதில் பாதித் துளைகளோடு. சால்டர் வைக்கும் பெண்களில் ஒருத்தி என் முகத்துக்கு நேராகவே, “உங்க போர்டுல மடைய எண்றதுக்கே தனியா ஆள் வெக்கணும்க்கா” என்றாள். நானும் சிரித்து வைத்தேன். மாமியார் மீன் குழம்பில் தலைத்துண்டை அவள் தட்டில் வைத்ததைக் கவனித்தேன். பாலிடெக்னிக்கில் சேர்ந்த என் மகள் கல்லூரி விட்டு வந்ததும் பையை என்னிடம் கொடுத்துவிட்டு, பேச்சை அவளிடம் கொண்டுபோனாள். நான் கேட்டால், “ஒண்ணுமில்லம்மா” என்பாள். அடுத்த அறையில் இருவரும் அரை மணி நேரம் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குக் காரணம் நான்தானோ என்று சுவரில் காது வைத்துக்கூடக் கேட்டிருக்கிறேன். அவர்கள் பேசியது ஏதோ பஸ் கண்டக்டரைப் பற்றி.

போன வருடம் உப்பள மோட்டார் ஒன்றுக்குக் கட்டுப்பாட்டு போர்டு செய்யும் வேலை வந்தது. சர்க்யூட் வரைபடம் இரண்டு தாள். சிவப்பு நிறுத்தப் பொத்தான் இருக்கும் தாளை நான் வரைந்தேன். மோட்டார் பக்கத்துத் தாளை அவள் வரைந்தாள். கோடுகளை ஓட்டுவது அவள் பொறுப்பு, கடைசியில் சரிபார்ப்பது என் பொறுப்பு. சால்டர் வைக்கும் பெண்களுக்குப் புரியட்டும் என்று சிக்னல்களுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கும் பழக்கத்தையும் அவள்தான் கொண்டுவந்திருந்தாள். எழுத்து மட்டும் ஆங்கில எழுத்து. ‘நிறுத்து’ என்பதை நான் டி எச் ஒரு முறை போட்டு எழுதியிருந்தேன். அவள் இரண்டு முறை போட்டிருந்தாள். நமக்கு இரண்டும் நிறுத்துதான். மென்பொருளுக்கு அவை இரண்டு வேறு சிக்னல்கள்.

அவள் பொத்தானிலிருந்து கோட்டை ஓட்டிவந்து, மடை போட்டு, கீழ்ப்பக்கத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டிருக்கிறாள். இணைக்காமல் விட்டதை மென்பொருள் மெல்லிய கோடாகக் காட்டிக்கொண்டே இருக்கும். பெயர் வேறானதால் அந்தக் கோடு வரவில்லை. வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். சரிபார்க்கும்போது வந்த எச்சரிக்கைப் பட்டியலில் ஒரு வரி: துளை ஒரு பக்கம் மட்டுமே இணைந்திருக்கிறது. பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. “ஏய், இங்க பாரு” என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், ஆறடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். நான் குரல் கொடுக்கவில்லை. அந்த வரியின் மேல் ‘விலக்கு’ என்பதை அழுத்தினேன். பட்டியல் சுத்தமாயிற்று. போர்டு தயாராகி வந்ததும் யூனிட்டில் டெஸ்ட் செய்வார்கள், பொத்தான் வேலை செய்யாது, எல்லோர் முன்னாலும் அவள் ஒரு முறை முழிக்கட்டும். நான் வேண்டியது அவ்வளவுதான்.

போர்டுகள் தயாராகி வந்த வாரம் மாமியாரைப் புதுச்சேரிக்கு டாக்டரிடம் அழைத்துப்போக நான் லீவு போட்டிருந்தேன். மழை விட்டு வெயில் அடித்ததால் உப்பளக்காரர் யூனிட்டுக்கே வந்து அவசரப்படுத்தியிருக்கிறார். அங்கேயே மாட்டி டெஸ்ட் செய்துகொள்ளலாம் என்று முதலாளி அனுப்பிவிட்டார். சனிக்கிழமை காலை அவள் கிளம்பினாள். கல்லூரி விடுமுறை என்று என் மகளும் கூடப் போனாள். என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். சரியாகக் காதில் வாங்காமல், கோயிலுக்குப் பூ வாங்கப் போவதாக நினைத்துத் தலையாட்டியிருக்கிறேன்.

மோட்டார் ஓடத் தொடங்கியதும் காற்றில் மகளின் துப்பட்டா பெல்ட்டில் சிக்கியது. அவளே கையை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அழுத்தியிருக்கிறாள். ஒரு முறை, இரண்டு முறை, பிறகு கணக்கில்லாமல். நான் வரைந்த பொத்தான். மோட்டார் நிற்கவில்லை. என் ஓரகத்தி வரப்பில் ஓடி, விழுந்து, எழுந்து, கொட்டகையிலிருந்த மெயின் லீவரை இழுத்திருக்கிறாள். துப்பட்டா கிழிந்தது. மகளின் கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு மிஞ்சியது. மிஞ்சியது அது மட்டும்தான் என்பதை இன்றும் நான் காலையில் எழுந்து ஒரு முறை எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது அவள் முழங்காலில் ரத்தமும் உப்பும் சேர்ந்து காய்ந்திருந்தது. “அக்கா, என் போர்டுதான். தப்பு என்னுதுதான்” என்றாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன். “உன்ன நம்பிப் புள்ளய அனுப்புனேன் பாரு, என்னச் சொல்லணும்” என்றேன். என் கணவர், கொழுந்தன், மாமியார், மகள் எல்லோரும் இருந்தார்கள். அவள் அழவில்லை. முழங்காலைக் கழுவிக்கொண்டு யூனிட்டுக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை இந்தப் போர்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள், சிவப்பு ஒயரோடு. “சரி பண்ணிட்டேன்க்கா. நீங்க ஒரு தடவ பாத்துடுங்க.” அவ்வளவுதான் சொன்னாள். ஒயர் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று தெரிய அவள் கோப்பைத் திறந்திருக்க வேண்டும். திறந்தால், விலக்கப்பட்டது ஒன்று என்று அடியில் நிற்பது கண்ணில் படாமல் போகாது. சரிபார்த்தது யார் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த இரண்டு மாதமும் ஒரே ஸ்கூட்டரில்தான் போனோம். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மௌனத்தின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. என்னால் அப்படி இருந்திருக்க முடியாது. பிறகு கொழுந்தனுக்கு ஓசூருக்கு மாற்றலாகி இருவரும் போய்விட்டார்கள். அங்கே ஒரு கம்பெனியில் அவளுக்கும் போர்டு டிசைன் வேலை கிடைத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மகள் மாடிக்குப் போய் அவளோடு போனில் பேசினாள். இறங்கி வந்தபோது முகம் வாடியிருந்தது. “சித்தி இப்ப போர்டே போடறதில்லியாம்மா. பேக்கிங் செக்ஷனுக்கு மாத்திக் கேட்டு வாங்கிட்டாங்களாம். மௌஸத் தொடவே மாட்டேங்கறாங்களாம்.” கேட்டதும் ஒரு நொடி எனக்குள் ஏதோ குளிர்ந்தது. இனி அவள் போர்டும் என் போர்டும் ஒரே மேசையில் வராது என்ற குளிர்ச்சி. பெல்ட்டில் சிக்கியது என் பெண் என்று தெரிந்தும் வந்த குளிர்ச்சி. என்னை உலுக்கியது அந்த ஒரு நொடிதான்.

மகளை அழைத்து உட்காரவைத்தேன். லேப்டாப்பில் பழைய கோப்பைத் திறந்து, விலக்கியிருந்த வரியைத் திரும்பக் கொண்டுவந்தேன். துளையின் மேல் எச்சரிக்கை அம்பு வந்து நின்றது. படிக்கிற பெண், விளக்க வேண்டியிருக்கவில்லை. நீண்ட நேரம் பார்த்தாள். கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று.

“செக் பண்ணது யாரும்மா?”

“நான்தான்.”

“பாக்கலியா?”

“பாத்தேன்.”

வெளியே ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“சித்திக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்பலேர்ந்து?”

இழுப்பறையைத் திறந்து போர்டை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி அவள் கையில் வைத்தேன். துளையிலிருந்து ஒயரின் மறுமுனை வரைக்கும் அவள் விரல் மெல்லப் போயிற்று. பிறகு அவள் தன் போனை எடுத்து, சித்தியின் எண்ணை அழுத்தி, என்னிடம் நீட்டினாள். அந்தப் பக்கம் மணி அடிக்கத் தொடங்கியிருந்தது. போர்டை மட்டும் அவள் திருப்பித் தரவில்லை.