மஞ்சள் கலையாமல் உள்ளே போவது

பாவு பிணைக்கிற தொழிலுக்கு விரல் போதும், கால் எதுக்கு என்று கேட்பவர்கள் எல்லாம் வீட்டுக்கு உள்ளே இருந்துகொண்டு கேட்பவர்கள்.

தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள்தான் பாவு. பழைய பாவு முடிந்துபோனால் அதன் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிவிட வேண்டும். அதுதான் பிணைப்பு. ஆயிரக்கணக்கான இழை. உட்கார்ந்த இடத்தைவிட்டு நகராமல் ஒரு பகல் முழுக்கச் செய்கிற வேலை. ஆனால் நெசவாளி தறியைத் தூக்கிக்கொண்டு நம்மிடம் வரமாட்டான், நாம்தான் அவன் வீட்டுக்குப் போகணும்.

நானும் நெய்தவன்தான். முப்பத்தாறு வயசில் ஓரிக்கை ரோட்டில் ஒரு லாரி சைக்கிளோடு சேர்த்து என் மேல் ஏறியதில் இரண்டு காலும் முட்டியோடு போயிற்று. தறியைக் காலால் மிதித்தால்தான் ஓடும். அதனால் நெசவு போச்சு, பிணைப்பு மிச்சமிருந்தது. லாரி ஷெட் வைத்திருந்த கபூர் பாய் ஒரு பலகைக்கு அடியில் நாலு பழைய பேரிங்கை மாட்டிக் கொடுத்தார். அதன்மேல் உட்கார்ந்து, இரண்டு கையிலும் மரக்கட்டையைப் பிடித்துத் தரையைத் தள்ளினால் வண்டி ஓடும். அது கடகடவென்று வருகிற சத்தம் நாலு தெருவுக்குக் கேட்கும். தெருவில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை எல்லாம் வாசலில்தான் ஆரம்பித்தது.

வளர்ந்த வயசில் நாலு பேர் பார்க்கப் புதுசாக ஒன்றைக் கற்றுக்கொள்ளப் போய் முட்டியோ மூக்கோ உடைந்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் பக்கத்தில் வாங்க. நாமெல்லாம் ஒரே ஜாதி.

ராஜம்மா வீட்டு வாசலில்

எங்கள் தெருக்களில் எல்லா வீட்டுக்கும் இரண்டு படி இருக்கும். சைக்கிளை உள்ளே ஏற்றுவதற்காக அந்தப் படிமேல் ஒரு பலகையைச் சரிவாகப் போட்டிருப்பார்கள். பலகையில் ஏறுவது ஒன்றும் பெரிசில்லை. ஏறி முடிந்த இடத்தில் நாலு விரல் உயரத்துக்கு நிலைப்படி நிற்கும். அதில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்திருப்பார்கள். அதை யாரும் மிதிக்க மாட்டார்கள், தாண்டித்தான் போவார்கள். சைக்கிளைக்கூடத் தூக்கித்தான் உள்ளே வைப்பார்கள். தெருவெல்லாம் உருண்டு வந்த சக்கரத்தை நான் அதன்மேல் ஏற்ற முடியுமா? வீட்டு ஆம்பிளைகள் இரண்டு பேர் என்னை வண்டியோடு தூக்கி உள்ளே வைப்பார்கள். ஆம்பிளை இல்லாத நேரத்தில் பொம்பளைகள் வந்து என்னைத் தூக்கவா முடியும்? அவர்களுக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம்.

ராஜம்மா தெலுங்கு பேசுகிற நெசவாளர் வீட்டுப் பெண். நான் போன அன்றைக்கு அவள் புருஷன் ஒரு சாவுக்காக முசரவாக்கம் போய்விட்டான். நான் சரிவுப் பலகைக்குக் கீழே சாம்பல் டப்பாவோடு உட்கார்ந்திருக்கிறேன், அவள் உள்ளே நிற்கிறாள், நடுவில் நிலைப்படி. தெருவில் போன ஒருத்தரைக் கூப்பிட்டேன், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார். இன்னொருத்தர் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போகிறாராம், என்னைத் தொட்டால் மறுபடி குளிக்கணுமாம். மத்தியானம் ராஜம்மா வாசலுக்கு வந்து ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு வண்டியைத் திருப்பினேன். பெரிய காஞ்சிபுரத்திலிருந்து வேறு ஆளைக் கூப்பிடப் போவதாகச் சொன்னவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு இதையும் சொன்னாள்:

"கோச்சுக்காதண்ணா. நீ உள்ள வர முடியாது, தறி வெளிய வராது. நான் இன்னாதான் பண்றது?"

ஜோரா போ

அவள் மேல் தப்பே இல்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். அந்த மாசத்திலேயே இன்னும் இரண்டு வீடு அந்தப் பெரிய காஞ்சிபுரத்து ஆளிடம் போயிற்று. பகலில் ஆம்பிளை இருக்கிற வீட்டுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தால் கொஞ்ச நாளில் என்னை யாருமே கூப்பிடமாட்டார்கள். அப்புறம் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் என்கிற பேர்தான். கபூர் பாயிடம் போய், "நிலைப்படியைத் தாண்டணும் பாய், சக்கரம் அதில படக்கூடாது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஷெட்டில் ஒரு பலகையைச் சரிவாகப் போட்டு, உச்சியில் செங்கல்லை வரிசையாகப் படுக்க வைத்தார். செங்கல் மேல் சாக்குக்கட்டியால் வெள்ளையாகப் பூசினார். சக்கரம் பட்டால் வெள்ளை கலைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

வித்தை இதுதான். தெருவிலிருந்தே வேகமெடுத்துப் பலகையில் ஏறணும். உச்சிக்கு வந்ததும் கைக்கட்டை இரண்டையும் நிலைப்படிக்கு அந்தப் பக்கம் ஊன்றி, உடம்பை அப்படியே மேலே எக்கிக் காற்றில் உள்ளே கொண்டுபோகணும். எழுதும்போது சுலபமாக இருக்கிறது. முதல் நாள் பாதிப் பலகையிலிருந்தே பின்னால் உருண்டு வந்து ஒரு லாரியின் டயரில் தலையை முட்டிக்கொண்டேன். லாரி எடுக்க வந்த டிரைவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அவர்களில் ஒருத்தர்கூட என் வண்டியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. பயந்துபோய் நான் வேகத்தைக் குறைத்தபோதுதான் பாய் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வந்தார்:

"மெதுவா போனாலும் விழறே, ஜோரா போனாலும் விழறே. விழறதுதான் நெசம்னா ஜோரா போ ஏகாம்பரம்."

எறும்புக்கும் எனக்கும்

அந்த ஷெட்டுக்கு நெல் வியாபாரம் செய்கிற ஒரு நயினார் வருவார். கிராமத்துச் சமணக் குடும்பம், புழு பூச்சிக்குத் தீங்கு செய்யாதவர். நான் செங்கல்லோடு சேர்ந்து குப்புற விழுந்த ஒரு நாள் அவர் ஓடி வந்தார். என்னைத் தூக்கத்தான் வருகிறார் என்று கையை நீட்டினேன். அவர் குனிந்து தரையைப் பார்த்து, "பார்த்து விழுப்பா, கீழே எறும்பு ஊறுது" என்றார். வந்த கோபத்தில் எனக்கு வலிகூட மறந்துபோச்சு.

மறுநாள் காலையில் அவர் லாரியிலிருந்து இரண்டு கட்டு வைக்கோல் இறங்கியது. பலகையைச் சுற்றிப் பரப்பச் சொல்லி அனுப்பியிருந்தார். அதற்குப் பிறகு என் முழங்கையில் தோல் மிச்சமிருந்தது என்றால் அந்த வைக்கோலால்தான். அடுத்த தடவை அவர் வந்தபோது, "இது எனக்கா, எறும்புக்கா நயினாரே?" என்று கேட்டேன். அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார்:

"ரெண்டு பேருக்கும்தான். யார் முதல்லனு கேக்காத."

பலகைக்கு யார் சொல்வது

என் வீட்டுக்காரி சரசாவிடம் நான் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. கையில் காயம் ஏது என்றால் ரோடு சரியில்லை என்பேன். ரோட்டின் மேல் பழி போட்டால் யாரும் நம்பிவிடுவார்கள். ஒரு நாள் நான் மறந்து வைத்துவிட்டு வந்த சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு அவளே ஷெட்டுக்கு வந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து நான் எக்கினேன். அன்றைக்குச் செங்கல்லைத் தாண்டியும்விட்டேன். நான் அந்தப் பக்கம் விழுந்து கிடக்கிறேன், என் வண்டி மட்டும் பலகையில் பின்னால் உருண்டு, தெருவுக்குப் போய், அவள் காலடியில் நின்றது.

செத்தோம் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை. தூக்கைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு தபா பண்ணு" என்றாள். பண்ணினேன். "இன்னொரு தபா." அதையும் பண்ணினேன். மூன்று தடவையும் நான் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். அப்படியே திரும்பி வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் என் பழைய வேட்டியை நாலாக மடித்து, அழுத்தமாகத் தைத்து, ஒரு பட்டி கொண்டுவந்து நீட்டினாள். இடுப்பையும் வண்டிப் பலகையையும் சேர்த்துக் கட்டிக்கொள்ள. நானும் பாயும் அத்தனை டிரைவர்களும் மூணு மாசமாக யோசிக்காத விஷயம். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவளை வாய்விட்டுப் பாராட்டினேன் என்று நினைக்கிறேன். அவள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை:

"நீ தாண்டறே, சரி. பலகைக்கு யாருய்யா சொல்றது?"

நிறுத்த மறந்தேன்

பட்டி வந்த பிறகு செங்கல்லின் வெள்ளை பத்துக்கு ஆறு தடவை கலையவில்லை. அந்தத் தைரியத்தில், கூட நெய்த சிநேகிதன் முனுசாமி வீட்டுக்குப் போனேன். அவன் தூக்குவதற்கு எழுந்து வந்தான். "தொடாதே, தள்ளி நில்லு" என்று அதட்டிவிட்டு, தெருக்கோடியிலிருந்து வந்தேன். ஏறினேன், எக்கினேன், தாண்டினேன். சத்தியமாக அவன் வீட்டு நிலைப்படியில் ஒரு தூசு படவில்லை. ஆனால் தாண்டுவதை நாலு மாசம் பழகியவன், தாண்டினபின் நிற்பதை ஒரு நாளும் பழகவில்லை. ஷெட்டில் வைக்கோல் நிறுத்திவிடும். முனுசாமி வீட்டில் வைக்கோல் ஏது? வழவழவென்று சிமெண்டுத் தரை, நேராகத் தறி, தறிக்குக் கீழே குழி. வண்டியோடு குழியில் இறங்கிவிட்டேன்.

தறிக்குழி தெரியுமில்லையா, நெய்கிறவன் மேலே உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிக்கிற இடம். அடி ஒன்றும் பலமாக இல்லை. ஆனால் லாரி ஏறின பிறகு அந்த இடத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை. மிதிகட்டை இரண்டும் என் முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தன. என்னை மீறி அழுதுவிட்டேன். முனுசாமி தூக்க வரவில்லை. குழி ஓரத்தில் உட்கார்ந்து, நான் அழுது முடிக்கிறவரைக்கும் பீடி குடித்துக்கொண்டிருந்தான். அதற்கு நான் அவனுக்கு இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். அப்புறம் பீடியை அணைத்தான்:

"வந்தது வந்துட்டே, அந்த மிதிகட்டைக் கயிறு தளர்ந்துக்கினு இருக்குது, கட்டிட்டு ஏறு."

வெள்ளிக்கிழமை

நிற்பதையும் பழகி முடித்த சமயம் ராஜம்மாவிடமிருந்து ஆள் வந்தது. புருஷனுக்கு வயிற்றில் ஆபரேஷன், ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். தறியில் அவளே உட்காரப் போகிறாள். முடிக்க வேண்டியது ஒரு கல்யாணப் புடவை. பெரிய காஞ்சிபுரத்து ஆள் ஆரணிக்குப் போய்விட்டான். அதனால்தான் எனக்குச் சொல்லி அனுப்பினாள். உள்ளே வர முடிந்தால் வரட்டும், வாசலில் உட்காருவதானால் வேண்டாம் என்று கூடவே ஒரு கண்டிஷன்.

போன பிறகுதான் வெள்ளிக்கிழமை என்று உறைத்தது. நிலைப்படியில் அன்றைய மஞ்சள் பூசி, பளிச்சென்று குங்குமம். தெருவில் குடத்தோடு போன பொம்பளைகள் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். இதில் சக்கரம் பட்டால் அந்த வீட்டுக்கு மட்டுமில்லை, எந்த வீட்டுக்கும் இனி நான் போக முடியாது. பட்டியை இறுக்கினேன். ஜோரா போ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தள்ளினேன். கைக்கட்டை உள்ளே ஊன்றியது, உடம்பு எழுந்தது, வண்டியும் கூடவே வந்தது, குழிக்கு ஒரு சாண் முன்னால் நின்றேன். திரும்பிப் பார்க்கலாம் என்றால் ராஜம்மா வாசலை மறைத்துக்கொண்டு நின்றாள். "தேவுடா" என்று முணுமுணுத்துவிட்டு, "பாவு இந்தப் பக்கம் இருக்குதுண்ணா, வா" என்று அவசரப்படுத்தினாள்.

பொழுது சாயும்வரை பிணைத்தேன். கிளம்பும்போதுதான் நிலைப்படியைப் பக்கத்தில் பார்த்தேன். மஞ்சள் ஈரமாக இருந்தது. காலையில் காய்ந்து கிடந்த மஞ்சள் சாயங்காலம் எப்படி ஈரமாகும்? ஓரத்தில், புது மஞ்சளுக்கு அடியில், மரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். என் பின்சக்கரம்தான். அவளைப் பார்த்தேன். "வெள்ளிக்கிழமைன்னா எங்க வீட்டுல ரெண்டு வேளையும் பூசுவோம்ணா" என்றாள். அந்த ஊரில் நான் பார்க்காத நெசவாளர் வீடு கிடையாது. எந்த வீட்டிலும் இரண்டு வேளை பூச மாட்டார்கள். சாம்பல் டப்பாவை மூடி வைத்துக்கொண்டு பட்டியை இறுக்கினேன். நான் வெளியே தாண்டுகிறபோது பார்க்காமல் இருப்பதற்காக அவள் தறிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

அடுத்த வாரம் பக்கத்துத் தெருவிலிருந்து, புருஷன் மெட்ராஸில் வேலை செய்கிற ஒரு பெண் கூப்பிட்டு அனுப்பினாள். அதற்கப்புறம் இன்னொரு வீடு, இன்னொரு வீடு. பகலில் ஆம்பிளை இல்லாத வீடுகளாகவே வந்தன. எப்படி என்னை நம்பிக் கூப்பிடுகிறீர்கள் என்று அந்த முதல் பெண்ணிடமே கேட்டுவிட்டேன்:

"தண்ணிக் குழாயாண்ட ராஜம்மா அக்கா சொல்லிக்கினு இருந்துச்சு, நீங்க வந்தா வாசல்ல மஞ்சள்கூட கலையாதாமே."

ராஜம்மா சொன்ன அந்த ஒரு பொய்யை மெய்யாக்குவதற்காக நான் கபூர் பாய் ஷெட்டில் இன்னும் நாலு மாசம் விழுந்துகொண்டிருந்தேன்.