மறுபக்கமாக ஒரு சுற்று

என் மனைவி வித்தியாவுக்கு மெதுவாகப் போகத் தெரியாது. சமைப்பதும் வேகம், கோபப்படுவதும் வேகம். தையல் தொழிற்சாலையில் மூன்று வருடம் குனிந்திருந்து முதுகு நொந்தபின், பாரவண்டி லைசென்ஸ் எடுத்து, மொன்றியல் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கொன்டெய்னர் இழுக்கும் வேலைக்குப் போனாள். தை மாதப் பனியில் லொறியின் வால் வழுக்கி இழுபட்டால் மற்றவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். இவள் சிரிப்பாளாம்.

அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான், கூட வேலை செய்யும் மன்னார் அல்பேட் 2005 கோடையில் எங்களை மண்பாதைக் கார்ப்பந்தயம் பார்க்கக் கூட்டிப்போனார். நகரத்திலிருந்து ஒரு மணித்தியாலம், சோளத் தோட்டங்களுக்கு நடுவே முட்டை வடிவத்தில் ஒரு பாதை. ஓடியதெல்லாம் ரோட்டில் ஓடிக் களைத்த கார்கள். இந்தப் பந்தயம் ஆதியில் தொடங்கியதே இப்படி வீட்டுக் கார்களில்தான் என்று அல்பேட் விளக்கினார். வித்தியாவின் காதில் ஒன்றும் ஏறவில்லை. முகமெல்லாம் புழுதியோடு வேலிக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். தானும் ஓடப்போவதாக வீடு திரும்பும் வழியிலேயே சொல்லிவிட்டாள்.

அடுத்த வருடம் எங்கள் பழைய ஹொண்டாவின் கண்ணாடிகளும் பின்சீட்டும் கழன்றன. கார் உருண்டாலும் நசுங்காதபடி உள்ளே இரும்புக் குழாயால் கூடு ஒட்டினோம். கதவில் 63 என்று நானே பெயின்ற் அடித்தேன்.

வித்தியாவின் அக்கா சிவநேசத்துக்கு மட்டும் சொல்லவில்லை. வித்தியாவை ஸ்பொன்சர் பண்ணிக் கனடாவுக்கு எடுத்தவர் அவர். அவர் வேண்டாம் என்றால் வித்தியா மறுபேச்சுப் பேசமாட்டாள். ஆனால் வட மொன்றியலில் ஒரே வீட்டில் அவர் மேல்மாடி, நாங்கள் கீழ்மாடி. இரும்புக் கூட்டோடு நிற்கும் காரை எத்தனை நாள் மறைக்கலாம்? ஐந்தாவது பந்தயத்தன்று தானும் வருவதாகச் சொல்லி அக்கா வந்து, காரை இழுத்துப்போகும் வான் வண்டியில் ஏறிவிட்டார்.

முதலில் வேறு பிரிவுக்காரரின் ஓட்டம். ஒரு கார் உருண்டுபோய் வேலியில் விழுந்தது. அக்கா அசையவில்லை. ஓடுகிற திசையைக் கவனித்த பிறகுதான் முகம் வெளிறியது.

"எல்லாரும் இடப்பக்கமாச் சுத்திறாங்கள். இது கொள்ளிக்குடம் தூக்கிச் சுத்திற பக்கமெல்லோ?"

நானும் நாலு பந்தயம் பார்த்தவன். ஒரு நாளாவது இது என் மண்டையில் தட்டவில்லை. கார் நிறுத்தும் வளவில் ஒருமுறை வலம் வந்து கழிக்கலாமே என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன். எந்த மண்ணில் இடம் சுற்றினாளோ அதே மண்ணில்தான் வலம் சுற்றவேண்டும், இல்லாவிட்டால் இன்றோடு காரை விற்கவேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டார். வித்தியா சரியென்று தலையை ஆட்டினாள். அவள் ஹெல்மெட்டைத் திருப்பி வானுக்குள் வைத்ததைப் பார்த்து எனக்கு அக்காவோடு பொல்லாத கோபம் வந்தது.

அல்பேட் ஓடிப்போய்க் கொடிக்காரரிடம் பிரெஞ்சில் கேட்டுவந்தார். மறுபக்கமாக ஓட ஒரே ஒரு ஆளுக்குத்தான் அனுமதி. வென்றவர், ஓட்டுநர் பக்க ஜன்னல் சனத்தைப் பார்க்கும்படி, கொடியோடு எதிர்த்திசையில் ஒரு சுற்று வருவாராம். வித்தியா அதுவரை எடுத்த நல்ல இடம் ஒன்பதாவது.

"அப்ப வெல்லுறன்," என்று சொல்லி ஹெல்மெட்டை மாட்டினாள்.

பதினாறு கார், இருபது சுற்று. கடைசி வரிசையில் புறப்பட்டாள். மூலைக்கு மூலை அக்ஸிலேற்றரிலிருந்து காலை எடுப்பாள், வால் வெளியே வீசும், ஸ்டியரிங்கை வலப்பக்கம் பிடித்துக்கொண்டே இடப்பக்கம் திரும்புவாள். பனியில் பழகிய கை. எட்டாவது சுற்றில் ஒன்பதாவது. பன்னிரண்டாவதில் ஐந்தாவது. இரண்டு கார் ஒன்றையொன்று முட்டிச் சுழல, நடுவால் நுழைந்து மூன்றாவது. பக்கத்தில் அக்காவைக் காணவில்லை. பார்த்தால், கடைசி மூலைக்குக் கிட்ட, சனம் இருக்கும் வாங்கில் ஏறி நிற்கிறார், செருப்பு ஒரு பக்கம், கைப்பை ஒரு பக்கம்.

பத்தொன்பதாவது சுற்றில் இரண்டாவது. முன்னால் செம்மஞ்சள் கார் ஒன்றுதான். கடைசி மூலையில் இரண்டும் பக்கம் பக்கமாக வந்தன. புழுதிக்குள் ஒன்றும் தெரியவில்லை. வெளியே வந்து கோட்டைத் தாண்டியபோது செம்மஞ்சள் காரின் மூக்கு அரைப் பொனற் நீளம் முன்னுக்கு நின்றது.

அந்தக் கார் கொடியைப் பிடித்துக்கொண்டு வலமாகச் சுற்றியது. சனம் எழும்பிக் கைதட்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

வித்தியா ஹெல்மெட்டையும் கண்ணாடியையும் கழற்றிவிட்டு நேரே அக்காவிடம் வந்தாள். கண்ணைச் சுற்றி மட்டும்தான் புழுதியில்லை.

"சொன்ன சொல்லு சொன்னதுதான் அக்கா. காரை விக்கிறன்."

"விக்கவோ? இருவது தரம் இடமாச் சுத்தினதை ஆர் கழிக்கிறது? நீ வெல்லுமட்டும் ஒவ்வொரு ஞாயிறும் வருவம்."

வித்தியா என்னைப் பார்த்தாள். நான் அல்பேட்டைப் பார்த்தேன். அக்கா தன் சேலைத் தலைப்பால் அவளின் முகத்துப் புழுதியைத் துடைத்தபடி, கிட்டக் குனிந்து கேட்டார்.

"அது சரி, கடைசி மூலையிலை ஏனடி அவ்வளவு நேரம் காலை எடுத்தனி?"